மூக்கடைப்புக்கு வெந்நீர் கேட்டால் குத்தமா?

ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து மார்கழிப் பனி முடியும் வரை எந்த ஹாஸ்டல் காரிடாரில் நடந்தாலும் ஒரே கச்சேரிதான். ஒரு ரூமில் தும்மல், பக்கத்து ரூமில் மூக்குறிஞ்சல், அதற்கடுத்த ரூமில் "டேய், குனிஞ்சா கன்னமெல்லாம் இடிக்குதுடா" என்ற புலம்பல். சொல்லிவைத்த மாதிரி செமஸ்டர் தேர்வும் இந்த மாதங்களில்தான் வந்து நிற்கும். மூணு மணி நேரம் குனிந்து எழுத வேண்டும். குனிந்தாலோ நெற்றிக்குள் யாரோ கல்லை உருட்டுகிற மாதிரி இருக்கும்.

இந்தப் பிரச்சினைக்கு நம்மிடம் ரெண்டு கட்சி உண்டு.

முதலாவது மெடிக்கல் ஷாப் கட்சி. கேட்டுக்கு வெளியே இருக்கும் மருந்துக்கடைக்குப் போய் "அண்ணா, சைனஸ், ஏதாவது குடுங்க" என்பார்கள். ஒரு மூக்கு டிராப்ஸ், ஸ்ட்ரிப்பிலிருந்து கத்தரித்த நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை, முடிஞ்சது வேலை. ரெண்டாவது பாட்டி வைத்தியக் கட்சி. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் ரீல்ஸிலும் வருவதையெல்லாம் செய்து பார்ப்பார்கள். நொச்சி ஆவி, மஞ்சள் புகை, மூக்கில் எண்ணெய், மூக்கில் பூண்டு. "நேச்சுரல்தானே மச்சி, சைடு எஃபெக்டே கிடையாது" என்பது இவர்களுடைய கட்சி முழக்கம்.

ரெண்டு கட்சியும் கேட்க மறந்துபோகும் கேள்விகள் ஒன்றேதான். இது எப்படி வேலை செய்யுது? எவ்வளவு எடுக்கணும்? எப்போ நிறுத்தணும்? லேப்பில் ஒரு ஐசியை மாட்டும் முன்னால் டேட்டாஷீட்டைப் பார்க்கிற நாம், சொந்த மூக்கு விஷயத்தில் மட்டும் எதையும் பார்ப்பதில்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண சைனஸ் அடைப்புக்குக் கை வைத்தியம் பெரும்பாலும் போதும். ஆனால் அதுவும் வைத்தியம்தான். அதற்கும் அளவு உண்டு, முறை உண்டு, எல்லை உண்டு. அந்த முறைப்படி செய்ய நமக்கு முக்கியமாகத் தேவைப்படும் பொருள் கொதித்த தண்ணீர். ஹாஸ்டலில் கிடைக்காத பொருளும் அதேதான். அது கிடைக்காததால்தான் நாம் டிராப்ஸுக்கும், ஆன்டிபயாடிக்குக்கும், பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடுக்கும் போய்ச் சேர்கிறோம்.

மூக்குக்குள் இருக்கும் பிளம்பிங்

முதலில் சைனஸ் என்பது நோயின் பெயரே இல்லை. மண்டையோட்டுக்குள் காற்று நிரம்பிய சின்னச் சின்ன அறைகளுக்குத்தான் அந்தப் பெயர். மொத்தம் நாலு ஜோடி. நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, ரெண்டு கண்ணுக்கும் நடுவில் சல்லடை மாதிரி ஒன்று, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூக்குக்குள் திறக்கிற, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வாசல் உண்டு.

இதில் கன்னத்து சைனஸின் டிசைனைப் பார்த்தால் சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். தொட்டிக்கு வடிகால் அடியில்தானே வைப்பார்கள்? இங்கே மேலே, கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்போ சளி எப்படி வெளியே வரும்? உள்சுவர் முழுக்க சிலியா என்ற நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. அவை துடுப்புப் போடுகிற மாதிரி அசைந்து அசைந்து, புவியீர்ப்பை எதிர்த்து, சளியை மேலே தள்ளி வாசல் வழியாக வெளியேற்றுகின்றன. இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் கன்வேயர் பெல்ட் அது.

ஜலதோஷம் பிடித்தாலோ, தூசி அலர்ஜி கிளம்பினாலோ மூக்கின் உள்தோல் வீங்குகிறது. ஏற்கெனவே குறுகலான வாசல் மூடிக்கொள்கிறது. சளி கெட்டியாகிறது, சிலியா தளர்ந்துபோகிறது. உள்ளே அழுத்தம், கனம், வலி. குனியும்போது வலி கூடுவதும் இதனால்தான்.

ஆக, நமக்கு ஆக வேண்டிய வேலை மூன்று. வீக்கம் குறையணும், சளி இளகணும், கன்வேயர் பெல்ட் மறுபடி ஓடணும். எந்த வைத்தியம் யார் சொன்னாலும் "இந்த மூணில் இது எதைச் செய்யுது?" என்று கேளுங்கள். பாதி ரீல்ஸ் அங்கேயே உதிர்ந்துவிடும்.

கடைக்காரர் கொடுக்கும் ரெண்டு பொருள்

ஆன்டிபயாடிக்கில் ஆரம்பிப்போம். ஜலதோஷத்தோடு வரும் சைனஸ் தொல்லையில் மிகப் பெரும்பாலானது வைரஸ் வேலை. நூறு ஜலதோஷத்தில் ரெண்டு அல்லது அதற்கும் குறைவாகத்தான் பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறும். ஆன்டிபயாடிக்குக்கு வைரஸைத் தெரியவே தெரியாது. "சளி பச்சையா வருதே, அப்போ பாக்டீரியாதானே?" என்று கேட்பார்கள். இல்லை. தொற்றை எதிர்க்க வரும் வெள்ளையணுக்களில் பச்சை நிறமுள்ள ஒரு என்சைம் இருக்கிறது. பச்சைக்குக் காரணம் அதுதான். வைரஸ் ஜலதோஷத்திலும் நாலைந்து நாளில் சளி பச்சையாகும். நாலு மாத்திரை போட்டோம், சரியாச்சு என்று நாம் நினைப்பது, போடாமல் இருந்தாலும் சரியாகியிருக்க வேண்டியதுதான். நடுவில் நம் உடம்பிலிருக்கும் பாக்டீரியாவுக்கு மருந்தைச் சமாளிக்க இலவச டியூஷன் எடுத்ததுதான் மிச்சம்.

அடுத்தது டிராப்ஸ். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று லேபிளில் இருந்தால் அது ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து. ரெண்டு சொட்டு விட்டால் அஞ்சே நிமிஷத்தில் மூக்கு நெடுஞ்சாலை மாதிரித் திறக்கும். மோசமான மருந்து என்று சொல்லமாட்டேன். ஆனால் மூணு நாள், மிஞ்சினால் அஞ்சு நாள், அதோடு நிறுத்த வேண்டிய மருந்து. அதைத் தாண்டினால் மருந்தின் வேகம் இறங்கியதும் ரத்தக்குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். அந்த அடைப்பைத் திறக்க மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. எங்கள் ஃப்ளோரில் ஒரு சீனியர் அண்ணன் ஃபர்ஸ்ட் இயர் ஜலதோஷத்துக்கு வாங்கிய டிராப்ஸை தேர்ட் இயர் வரை தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். ஊருக்குப் போகும்போது பர்ஸை மறந்தாலும் மறப்பார், அந்த பாட்டிலை மறக்கமாட்டார். கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், வேறு ஸ்ப்ரே வாங்கி, ரெண்டு வாரம் தூக்கமில்லாமல் கஷ்டப்பட்டுத்தான் அதை விட்டார். ஜலதோஷம் எப்போதோ போயிருந்தது. மிச்சம் இருந்தது மருந்து உண்டாக்கிய அடைப்பு மட்டும்தான்.

இனி பாட்டி கட்சியின் மருந்துப் பெட்டியைத் திறப்போம். என் கணக்கில் அதிகம் பலன் தருவதிலிருந்து கீழே இறங்கி வருகிறேன்.

உப்புத் தண்ணீர்

யோகா வகுப்பில் ஜல நேத்தி என்று சொல்லிக்கொடுப்பது இதுதான். சளியை இளக்கும், தூசியையும் அலர்ஜிப் பொருளையும் கழுவித் தள்ளும், சிலியாவுக்கு வேலையைச் சுலபமாக்கும். மேலே சொன்ன மூன்றில் ரெண்டை நேரடியாகச் செய்கிறது. பிரிட்டனில் நாள்பட்ட சைனஸ் தொல்லை உள்ள 871 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஒரு சோதனையில் ஆவி பிடித்தலையும் உப்புத் தண்ணீர்க் கழுவலையும் ஒப்பிட்டார்கள். கழுவியவர்களுக்கு ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்ததே தவிர மற்றபடி பெரிய வித்தியாசமில்லை.

அளவு முக்கியம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. டீஸ்பூனில் தலை தட்டி ஒன்றரை. இது நம் உடம்புத் திரவத்தின் உப்புச் செறிவுக்குச் சமம், அதனால் எரியாது. வெறும் தண்ணீரை ஊற்றினால் சவ்வூடு பரவலில் உள்தோல் செல்கள் உப்பி, மூளை வரைக்கும் சுரீரென்று எரியும். நீச்சல் குளத்தில் மூக்கில் தண்ணீர் ஏறியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும். வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சு விட்டபடி, மேல் மூக்குத் துவாரத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். கீழ்த் துவாரம் வழியாக வந்துவிடும். முடிந்ததும் பலமாகச் சிந்தக் கூடாது, காதுக்குள் ஏறும். மூக்கு முழுசாக அடைத்திருக்கும்போதும், காது வலி இருக்கும்போதும் வேண்டாம். பாட்டிலைக் கழுவிக் காயவைக்கணும். முக்கியமாக, ரூம்மேட்டோடு பகிரக் கூடாது.

இப்போது நான் அடிக்கோடிட்டுச் சொல்ல நினைக்கும் இடம். தண்ணீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் நேராக மூக்குக்கு ஆகாது. குடிக்க நல்ல தண்ணீர் என்பது வேறு, கிருமியே இல்லாத தண்ணீர் என்பது வேறு. நெக்லேரியா ஃபௌலேரி என்றொரு அமீபா இருக்கிறது. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கின் மேல்கூரை வரை போனால் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய ரெண்டு பேர் இதனால் இறந்தார்கள். பக்கத்து கேரளத்தில் 2024லும் 2025லும் அமீபா மூளைக்காய்ச்சல் செய்தியாக வந்தது நினைவிருக்கும். அங்கே குளம், தேங்கிய நீர் என்று காரணம் சொன்னார்கள், வழி அதே மூக்குதான். மிக மிக அரிதான நோய், பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் வந்தால் பிழைப்பது அபூர்வம், தடுப்பதோ ஒரு நிமிஷக் கொதி. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்து, வெதுவெதுப்பாக ஆறினால் போதும். மலைப் பகுதியில் படிப்பவர்கள் மூணு நிமிஷம் கொதிக்க விடுங்கள்.

வெந்நீர் கிடைக்கவே வழியில்லையா? மருந்துக்கடையில் சலைன் மூக்கு ஸ்ப்ரே கேளுங்கள். லேபிளில் சோடியம் குளோரைடு 0.65 சதவீதம் என்பது மாதிரி இருக்கணும், வேறு மருந்துப் பெயர் இருக்கக் கூடாது. அது வெறும் உப்புத் தண்ணீர், பழக்கமாகாது.

சூடாக எதையாவது குடிப்பது

சுக்குக் காபி, மிளகு ரசம், கோழி சூப், எதுவானாலும் சரி. 1978இல் அமெரிக்காவில் பதினைந்து பேரிடம் மூக்குச் சளி நகரும் வேகத்தை அளந்து பார்த்தார்கள். சூடான கோழி சூப் குடித்ததும் நிமிஷத்துக்கு 6.9 மில்லிமீட்டராக இருந்த வேகம் 9.2 ஆனது. வெறும் வெந்நீரும் வேகத்தைக் கூட்டியது. குளிர்ந்த நீர் குறைத்தது. அரை மணி நேரத்தில், குளிர்ந்த நீரைத் தவிர மற்றதெல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. சின்னச் சோதனைதான், ஆனாலும் நம் பாட்டிகள் ரசத்தை டம்ளரில் ஊற்றி ஊதி ஊதிக் குடிக்கச் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று காட்டுகிறது. அரை மணி நேரத்தில் பலன் போய்விடும் என்பதால் நாள் முழுக்க விட்டு விட்டுக் குடிக்கணும் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

மிளகுக்குத் தனி மரியாதை உண்டு. மிளகின் பைப்பரின், மிளகாயின் கேப்சைசின் இரண்டும் நம் நரம்பில் சூட்டை உணரும் அதே ரிசெப்டரைத் தட்டுகின்றன. மூக்கு தானாகவே ஒழுக ஆரம்பிக்கிறது. சளி நீர்த்துப்போகிறது. அந்த ரிசெப்டரைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

தைலம்

அதே ஜூலியஸும், நோபலைப் பகிர்ந்துகொண்ட ஆர்டெம் படாபூடியனும் தனித்தனியாக மெந்தாலை வைத்துக் குளிர்ச்சியை உணரும் ரிசெப்டரையும் கண்டுபிடித்தார்கள். தைலம் தடவியதும் "அப்பாடா, மூக்கு திறந்துடுச்சு" என்று தோன்றுவது அதன் வேலை. உண்மையில் மூக்கு திறப்பதில்லை. காற்றோட்டத்தைக் கருவியில் அளந்தால் மாற்றம் இருக்காது. குளிர்ச்சியான காற்று போகிறது என்று நரம்பு மூளைக்குப் பொய் சொல்கிறது. அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். ராத்திரி தூங்க அந்தப் பொய் போதும். ஆனால் மூக்குத் துவாரத்துக்குள் அப்பாதீர்கள், நெஞ்சிலும் கழுத்திலும் தடவுங்கள். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் ரெண்டும் வயிற்றுக்குள் போகவே கூடாது. வலிப்பு உள்ளவர்களுக்கு இவற்றின் நெடிகூட ஆகாமல் போகலாம்.

ஆவி பிடிப்பது

இதுதான் நம்ம ஊரின் சூப்பர் ஸ்டார். நொச்சி, துளசி, மஞ்சள், ஓமம் என்று ஆளுக்கொரு ரெசிபி. இதம் உண்டு, தலைவலிக்கும் கொஞ்சம் கேட்கும், அந்த நேரத்துக்குச் சளி இளகும். வைரஸைக் கொல்லும் என்பது மட்டும் கட்டுக்கதை. வைரஸைக் கொல்லும் சூடு நம் மூக்குத் தோலையும் சேர்த்தே வேக வைத்துவிடும். கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், தமிழ்நாட்டில் பொது இடங்களில் வரிசை கட்டி ஆவி பிடித்ததும், சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்ததும் மறந்திருக்காது.

ஆவியில் உண்மையான ஆபத்து தண்ணீர் கவிழ்வதுதான். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் பாத்திரம், மேலே போர்வை என்பது ஹாஸ்டல் ஸ்டைல். ஒரு தும்மல் போதும், தொடை வெந்துபோகும். பாத்திரம் ஆடாத மேஜை மேல் இருக்கணும், அடுப்பிலிருந்து இறக்கி ரெண்டு மூணு நிமிஷம் ஆறணும், முகம் ஒரு முழமாவது தள்ளி இருக்கணும், அஞ்சிலிருந்து பத்து நிமிஷம் போதும்.

பத்து போடுவது

சுக்கை உரசி நெற்றியில் போடுவது, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நீர்க்கோவை மாத்திரையைத் தண்ணீரில் குழைத்துப் போடுவது. தோலில் சூடு பரவுவதால் வலியிலிருந்து கவனம் திரும்புகிறது, இதமாக இருக்கிறது. கண்ணுக்குப் பக்கத்தில் போடாதீர்கள், எரிந்தால் உடனே கழுவுங்கள். நீர்க்கோவை வெளிப்பூச்சுக்கு. மாத்திரை என்று பெயர் இருப்பதால் விழுங்கிவிடாதீர்கள்.

வேண்டவே வேண்டாம்

மஞ்சள் கொம்பைச் சுட்டு அதன் புகையை மூக்கில் இழுப்பது நம் பக்கத்துப் பழைய பழக்கம். பாட்டி மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் புகை புகைதான். ஏற்கெனவே தளர்ந்த சிலியாவை அது இன்னும் முடக்கும். கொசுவத்திப் புகைக்கும் இதே கதைதான். பூண்டைத் துவாரத்தில் செருகினால் சளி கொட்டுவது பார்க்கப் பிரமாதமாக இருக்கும். பூண்டின் காரம் உள்தோலை எரித்ததாலும், பூண்டே அணை கட்டியதாலும் தேங்கிய சளி அது. அடைப்பு அப்படியே இருக்கும். சித்த, ஆயுர்வேத மருத்துவர் கண் முன்னால் செய்யும் நசியம் வேறு, ரீல்ஸ் பார்த்துப் படுக்கும்போது தினமும் மூக்கில் எண்ணெய் விடுவது வேறு. எண்ணெய் தெரியாமல் நுரையீரலுக்கு இறங்கினால் அது ஒருவகை நிமோனியாவில் கொண்டு விடும்.

இது சைனஸ்தானா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "எனக்கு சைனஸ் தலைவலி" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது மைக்ரேன். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சைனஸ் தலைவலி என்று தாங்களோ டாக்டரோ முடிவு செய்திருந்த 2,991 பேரைச் சோதித்தது. காய்ச்சலோ சீழ்ச்சளியோ இல்லாதவர்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், கண்ணைச் சுற்றி அழுத்தும், அதனால்தான் குழப்பம். வெளிச்சமும் சத்தமும் பிடிக்கவில்லை, குமட்டுகிறது, ராத்திரி முழித்தாலோ சாப்பாட்டைத் தவறவிட்டாலோ வருகிறது என்றால் நொச்சியைத் தேடாமல் டாக்டரைப் பாருங்கள். ஒரு பக்கக் கன்னம் மட்டும் வலித்து நாற்றமும் இருந்தால் மேல் கடைவாய்ப்பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். வருஷம் முழுக்க விடியற்காலையில் தும்மல் என்றால் அலர்ஜியாக இருக்கலாம். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பதும், ஃபேன் இறக்கையைத் துடைப்பதும் எந்தக் கஷாயத்தைவிடவும் அங்கே உதவும். கவனித்தீர்களா? அங்கேயும் வெந்நீர்.

சரி, வெந்நீர் எங்கே?

இப்போது நம் ஹாஸ்டலுக்கு வருவோம். மெஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் ஒரு டம்ளர் கிடைக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மூக்கு அடைத்தால்? ரூமில் கெட்டில் வைத்தால் பறிமுதல், ஃபைன். ஆகவே பசங்க ஒளித்து வைப்பது ஹீட்டர் ராடு. பிளாஸ்டிக் பக்கெட், ஈரத் தரை, எர்த் இல்லாத பழைய சாக்கெட். ஈஈஈ நண்பர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

வார்டன் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 1500 வாட் ராடு 230 வோல்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். ரூமில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். ஒரு ஃப்ளோரில் நாற்பது ரூமிலும் ஒரே நேரத்தில் போட்டால் 60 கிலோவாட். வயரிங் தாங்காது, தீப்பிடிக்கும். தடை சரியானதுதான். ஆனால் தடை மட்டும் போட்டுவிட்டு மாற்று கொடுக்காமல் இருப்பது சரியில்லை. ஜலதோஷம் பிடித்த ஆளுக்கு வெந்நீர் ஆடம்பரம் இல்லை, முதலுதவி.

மாற்றுக்கு என்ன செலவாகும்? நாமே கணக்குப் போடுவோம். ஃப்ளோருக்கு ஒரு 25 லிட்டர் பாய்லர். 27 டிகிரித் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 25 × 4.186 × 73, அதாவது சுமார் 7,640 கிலோஜூல். யூனிட்டில் 2.12. வெப்ப இழப்பையும் சேர்த்து மூணு யூனிட் என்று வையுங்கள். யூனிட் பத்து ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் முப்பது ரூபாய். இருபத்தைந்து பேருக்கு ஆளுக்கொரு லிட்டர். தலைக்கு ஒரு ரூபாய் சொச்சம். ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையைவிட மலிவு, ஒரு ரீவயரிங்கைவிட எவ்வளவோ மலிவு.

ஆகவே ஹாஸ்டல் கமிட்டியிடம் நாம் கேட்க வேண்டியது நாலுதான். ஒன்று, ஃப்ளோருக்கு ஒரு பாய்லர், எர்த்தும் எம்சிபியும் போட்டு, ராத்திரி பன்னிரண்டு வரை. வெதுவெதுப்பாகத் தரும் டிஸ்பென்சர் வேண்டாம், உண்மையிலேயே கொதிக்க வைக்கும் பாய்லர். ரெண்டு, சிக் ரூமில் ரெண்டு ஸ்டீமர், ஆளுக்காள் மாற்றுவதற்குத் தனித்தனி முகமூடியோடு. மூணு, மழைக்காலத்தில் ராத்திரிச் சாப்பாட்டோடு மிளகு ரசம், தண்ணியாக இல்லாமல். நாலு, மருந்துக்கடைக்கு ஓடும் முன்னால் பார்க்க, சிக் ரூமில் வாரம் ரெண்டு நாளாவது ஒரு டாக்டர். பதிலுக்கு நம் பக்கத்திலிருந்தும் ஒன்று தரணும். ராடுகளை நாமே ஒப்படைத்துவிடலாம்.

டாக்டரை ஏன் சேர்த்தேன் என்றால், கை வைத்தியத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்திருப்பதும் கை வைத்தியத்தில் அடக்கம். பத்து நாளாகியும் கொஞ்சம்கூடக் குறையவில்லை, குறைந்த மாதிரி இருந்து மறுபடி அதிகமானது, 102 டிகிரிக் காய்ச்சலோடு சீழ்ச்சளி மூணு நாலு நாள் தொடர்கிறது என்றால் டாக்டரிடம் போகணும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை ரெண்டாகத் தெரிவது, நெற்றியில் புடைப்பு, கழுத்தை மடக்க முடியாத தலைவலி, குழப்பமான பேச்சு, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, அந்த ராத்திரியே போகணும். சைனஸுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு மட்டும்தான். ரூம்மேட் "தூங்கினா சரியாயிடும்" என்று சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள்தான் அந்த ரூம்மேட் என்றால், அப்படிச் சொல்லாதீர்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

பாய்லர் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஹாஸ்டல் கமிட்டி மீட்டிங்குக்கு முன்னால் ஒவ்வொரு ஃப்ளோரிலும் கையெழுத்துக்கு வரும். தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள், சரியென்றால் கையெழுத்துப் போடுங்கள்.